ஹைட்ராலிக் லிஃப்டரின் பிரிலோட்டை அளப்பது எப்படி? ரோவர் வி8 எஞ்சினை முன்வைத்து ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு வரும் பழைய லேண்ட் ரோவர் வண்டிகளில் பெரும்பாலானவை செம்பனைத் தோட்டத்துக் குத்தகைக்காரர்களுடையவை. டாப் ஓவர்ஹால் முடிந்து போன வண்டி ஒரு மாதத்தில் திரும்பி வந்து, ஒரு பக்கத்து வால்வு தட்டுகிறது என்றோ, எஞ்சின் சூடானதும் நடுங்குகிறது என்றோ புகார் வரும்போது, முந்தைய ஃபோர்மனிடம் பிரிலோட் எவ்வளவு வைத்தீர்கள் என்று கேட்டால், ஹைட்ராலிக் லிஃப்டர்தானே, அதுவே சரி செய்துகொள்ளும் என்ற பதில்தான் பல முறை எனக்குக் கிடைத்திருக்கிறது. அது தானாகச் சரி செய்துகொள்வது உண்மைதான். ஆனால் சில மில்லிமீட்டர் இடத்துக்குள் மட்டுமே சரி செய்துகொள்ளும். அந்த இடத்தின் எந்தப் புள்ளியில் அது நிற்கிறது என்பதை எஞ்சினைக் கட்டுகிறவர்தான் அளந்து தீர்மானிக்க வேண்டும்.

கேம்ஷாஃப்ட்டின் மேல் நின்று, புஷ்ராட் என்ற நீளக் கம்பியையும் ராக்கர் என்ற நெம்புகோலையும் தள்ளி வால்வைத் திறக்கும் உருளைதான் லிஃப்டர். ஹைட்ராலிக் லிஃப்டரின் உடலுக்குள் மேலும் கீழும் நகரும் ஒரு பிளஞ்சர் இருக்கிறது. அதற்கு அடியில் ஒரு சிறு ஸ்பிரிங்கும், எண்ணெய் உள்ளே வர மட்டும் வழிவிடும் ஒரு வழிக் குண்டு வால்வும் இருக்கின்றன. பிளஞ்சரின் தலையில் புஷ்ராட் உட்காரும் கிண்ணம் உண்டு; அந்தக் கிண்ணம் மேலே துள்ளி வெளியேறாமல் சர்க்ளிப் என்ற ஒரு வளையம் தடுத்து வைக்கிறது. வால்வு மூடியிருக்கும்போது அந்தக் கிண்ணம் சர்க்ளிப்பிலிருந்து எவ்வளவு கீழே அமுங்கி நிற்கிறதோ, அந்த ஆழமே பிரிலோட். பிரிலோட் இல்லாவிட்டால் கிண்ணம் சர்க்ளிப்பை ஒவ்வொரு சுற்றிலும் அடித்துக்கொண்டே இருக்கும். சத்தம் வரும், ஒரு நாள் சர்க்ளிப் தெறிக்கவும் கூடும். மிகுதியாக இருந்தால் பிளஞ்சருக்குக் கீழே இறங்க இடமிருக்காது. வால்வு சீட்டில் முழுமையாக உட்காராமல், கம்ப்ரஷன் கசிந்து, நாளடைவில் எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு கருகிப்போகும். முதல் குறையைக் காது கண்டுபிடித்துவிடும். இரண்டாவது குறைக்குச் சத்தமே கிடையாது என்பதால், நான் அதற்குத்தான் அதிகம் அஞ்சுவேன்.

புரோட்டான், பெரோடுவா வண்டிகளை மட்டும் பார்த்துப் பழகிய தம்பிகளுக்கு ஒரு சொல்: அவற்றில் கேம்ஷாஃப்ட் சிலிண்டர் ஹெட்டிலேயே இருக்கிறது, புஷ்ராட் கிடையாது, ஆகவே இங்கே சொல்லும் முறை அவற்றுக்குப் பொருந்தாது. கேம்ஷாஃப்ட் எஞ்சின் பிளாக்கின் நடுவில் இருந்து, புஷ்ராட் வழியாக ராக்கரைத் தள்ளும் எஞ்சின்களுக்கே இது. ரோவர் வி8 அந்த வகையைச் சேர்ந்தது. 1961-இல் ப்யூக் வெளியிட்ட அலுமினிய வி8-இன் உரிமையை ரோவர் 1965-இல் வாங்கித் தனதாக்கிக்கொண்டது. 1970-இல் வந்த முதல் ரேஞ்ச் ரோவரிலும் அதுதான் இருந்தது. இந்த எஞ்சினில் ராக்கரைத் திருகிச் சரி செய்ய நட்டு கிடையாது. ராக்கர்களைத் தாங்கும் ராக்கர் ஷாஃப்ட், பெடஸ்டல் எனும் நான்கு தாங்கிகளின் மேல் போல்ட்டால் இறுக்கப்படுகிறது, அவ்வளவுதான். அதனால்தான் அளவு பிசகியிருப்பது கண்ணுக்குப் படாமலேயே போகிறது.

பிரிலோட்டை எவை மாற்றுகின்றன என்பதை அளப்பதற்கு முன்பே மனத்தில் வாங்கிக்கொள்வது நல்லது, ஏனென்றால் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தம் சொல்வது இதுதான். ஹெட்டின் அடிமுகத்தை 0.25 மி.மீ. ஸ்கிம் செய்தால், அதாவது சீவிச் சமமாக்கினால், ராக்கர் ஷாஃப்ட்டும் வால்வுகளும் சேர்ந்து அவ்வளவு கீழே இறங்குகின்றன; பிரிலோட் அதே 0.25 மி.மீ. கூடும். பழைய தகர கேஸ்கெட்டுக்குப் பதிலாகத் தடித்த காம்போசிட் கேஸ்கெட்டைப் போட்டால் ஹெட் அரை மில்லிமீட்டருக்கும் மேலாக உயர்ந்து, பிரிலோட் அவ்வளவு குறையும். வால்வு சீட்டை ஆழமாக வெட்டினால் வால்வுத் தண்டு மேலே எழும்பும். ராக்கரின் விகிதம் 1.6, அதாவது வால்வு பக்கம் புஷ்ராட் பக்கத்தைவிட 1.6 மடங்கு அசையும் என்பதால், தண்டு 0.8 மி.மீ. எழும்பினால் புஷ்ராட் பக்கம் 0.5 மி.மீ. இறங்கும். மறு அரைப்பு செய்த கேம்ஷாஃப்ட்டில் அடிவட்டம், அதாவது லிஃப்டரைத் தூக்காத வட்டப் பகுதி, சிறுத்திருக்கும். அது பிரிலோட்டைக் குறைக்கும். இவை ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்வதும் உண்டு, ஒரே திசையில் சேர்ந்துகொள்வதும் உண்டு.

ரோவர் வி8-க்குப் பொதுவாகக் கொள்ளும் எல்லை 0.5 மி.மீ. முதல் 1.5 மி.மீ. வரை. ‘தௌ’ என்று பழைய ஃபோர்மன்கள் சொல்லும் கணக்கில், அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கில், இது 20 முதல் 60. நான் 1 மி.மீ. அருகில் வைக்கவே விரும்புவேன். அலுமினியம் சூட்டில் எஃகைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும்: ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு அலுமினியம் 23 மைக்ரான், எஃகு 12 மைக்ரான். கேம்ஷாஃப்ட்டுக்கும் ராக்கருக்கும் இடையே 200 மி.மீ. தூரம் என்றும், நம் ஊர்க் காலை நேரத்து 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு எஞ்சின் சூடாகிறது என்றும் கொண்டால், பிளாக்கும் ஹெட்டும் புஷ்ராட்டைவிட சுமார் 0.15 மி.மீ. அதிகம் வளர்கின்றன. வால்வும் சூட்டில் நீள்வதால் அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும் என்றாலும், குளிர்ந்த எஞ்சினில் 0.5 என்று அளந்தது ஓடும்போது 0.4-க்கும் கீழே போகலாம். கீழ் எல்லையில் நிற்கும் அளவை நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

தேவையான கருவிகள் அதிகமில்லை. வெர்னியர் கேலிப்பர், டார்க் ரென்ச், நல்ல டார்ச் விளக்கு, 0.5 மி.மீ. முதல் 3 மி.மீ. வரையிலான புதிய டிரில் பிட்டுகள், கூர்மையான பிளேடு, ஒட்டு நாடா, ஒரு தாள், ஒரு பென்சில். டிரில் பிட்டின் வெட்டும் முனையை அல்ல, வழவழப்பான பின்பக்கத் தண்டைத்தான் இடைவெளிக் கம்பியாகப் பயன்படுத்தப் போகிறோம். ஒவ்வொன்றையும் முதலில் கேலிப்பரில் அளந்து, உண்மையான தடிமனை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைவிட அது சற்றுக் குறைவாகவே இருக்கும்.

லிஃப்டரில் எண்ணெய் இருக்கக் கூடாது

இந்த வேலையில் கைதேர்ந்தவர்களும் ஏமாறும் இடம் இதுதான். எண்ணெய் நிறைந்த லிஃப்டர் ஓர் இரும்புக் கட்டையைப் போல நிற்கும். ராக்கர் ஷாஃப்ட்டை இறுக்கியதும் பிளஞ்சர் அமுங்குவதற்குப் பதிலாக வால்வு திறந்துகொள்ளும். அந்த நிலையில் கிண்ணத்தைப் பார்த்தால் அது சர்க்ளிப்பை ஒட்டியே நிற்கும். பிரிலோட் பூஜ்யம் என்று எண்ணி, நீளமான புஷ்ராட்டை வாங்கிப் போட்டுவிடுவீர்கள். சில நிமிடம் காத்திருந்தால் எண்ணெய் கசிந்து பிளஞ்சர் இறங்கும் என்றாலும், பதினாறு லிஃப்டரும் ஒரே வேகத்தில் கசிவதில்லை.

ஆகவே பதினாறையும் பிரித்துவிடுவதே மேல். கிண்ணத்தைப் பழைய புஷ்ராட்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சர்க்ளிப்பைக் கழற்றுங்கள். கிண்ணம், பிளஞ்சர், குண்டு வால்வு, ஸ்பிரிங் என்று வரிசையாக வெளிவரும். மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடித்து உலர்த்துங்கள். பிளஞ்சரும் அதன் உடலும் ஜோடியாகப் பொருத்தி அரைக்கப்பட்டவை. ஒன்றின் பிளஞ்சரை இன்னொன்றின் உடலில் போட்டால் லிஃப்டர் கெட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். எங்கள் பட்டறையில் காலியான முட்டை அட்டையில் எண் எழுதி, ஒரு குழிக்கு ஒரு லிஃப்டர் என்று வைப்போம். ஒரு முறை ஒரு பூனை அந்த அட்டையைத் தட்டிவிட்டதில் மூன்று லிஃப்டர்களைப் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. அன்று முதல் அட்டை இரும்பு அலமாரிக்குள்தான் இருக்கிறது.

உலர்ந்த லிஃப்டரை மறுபடி சேர்த்து, கிண்ணத்தை விரலால் சர்க்ளிப் வரை மேலே விட்டும், அடிவரை அழுத்தியும் கேலிப்பரின் ஆழக் கம்பியால் இரண்டு முறை அளந்தால், மொத்தப் பயண தூரம் கிடைக்கும். அதையும் எழுதி வையுங்கள். ஒரு லிஃப்டரின் பயணம் மற்றவற்றைவிடக் குறைந்திருந்தால் உள்ளே மசி இறுகியிருக்கிறது என்று பொருள். மீண்டும் கழுவ வேண்டும். உடலின் வெளிப்புறத்தில் மட்டும் லேசாக எண்ணெய் தடவி, அதனதன் துளையில் இறக்குங்கள்.

எஞ்சினைத் தயாராக்குதல்

ஹெட்டுகள் இரண்டும் இறுதியாகப் போடப்போகும் அதே வகை கேஸ்கெட்டோடு, முழு டார்க்கில் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். இன்டேக் மேனிஃபோல்டும் அதன் அடியிலிருக்கும் தகர கேஸ்கெட்டும் இன்னும் போடப்படாமல், நடுப்பள்ளம் திறந்திருக்க வேண்டும். லிஃப்டர்களை அங்கிருந்துதான் பார்க்கப் போகிறோம். ஸ்பார்க் பிளக்குகள் அனைத்தையும் கழற்றிவிட்டால் எஞ்சினைக் கையால் சுற்றுவது சுலபம். புஷ்ராட்டுகளை ஒரு கண்ணாடிப் பலகையின் மேல் உருட்டி, வளைந்தவற்றை ஒதுக்குங்கள். பிறகு ராக்கர் ஷாஃப்ட்டுகளை வைத்து, நான்கு போல்ட்டுகளையும் கொஞ்சம் கொஞ்சமாக, மாற்றி மாற்றி இறக்கி, கடைசியில் 38 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். ஒரே போல்ட்டை முதலில் முழுவதுமாக இறுக்கினால், திறந்திருக்கும் வால்வுகளின் ஸ்பிரிங் ஷாஃப்ட்டை வளைக்கப் பார்க்கும்.

அளத்தல்

ஒரு லிஃப்டர் கேமின் அடிவட்டத்தில் நிற்கும்போது மட்டுமே அதன் பிரிலோட்டை அளக்க முடியும். முதல் சிலிண்டர் கம்ப்ரஷனின் உச்சியில் இருக்கும்போது அதன் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். உச்சிக் குறி ஒரே வேலைச் சுழற்சியில் இரண்டு முறை வரும் என்பதால் குறியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்: அதன் ஜோடியான ஆறாவது சிலிண்டரின் வால்வுகளில் ஒன்று மூடிக்கொண்டும் மற்றொன்று திறந்துகொண்டும் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆறு ஆடினால் ஒன்று ஓய்வில் இருக்கிறது. எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2. கிராங்க்கை 90 டிகிரி சுற்றும்போதெல்லாம் இந்த வரிசையில் அடுத்த சிலிண்டர் ஓய்வுக்கு வரும். இரண்டு முழுச் சுற்றில் பதினாறு வால்வுகளும் முடிந்துவிடும். இடப்பக்கம் ஒற்றைப்படைச் சிலிண்டர்கள், வலப்பக்கம் இரட்டைப்படை.

இனி டார்ச் விளக்கைப் பள்ளத்துக்குள் காட்டி, முதல் சிலிண்டரின் லிஃப்டரைப் பாருங்கள். சர்க்ளிப்பின் அடிப்பக்கத்துக்கும் கிண்ணத்தின் மேல் விளிம்புக்கும் இடையே ஒரு கருப்பு இடைவெளி தெரியும். அதில் 1 மி.மீ. பிட்டின் தண்டை நுழைத்துப் பாருங்கள். தாராளமாகப் போனால் 1.2, பிறகு 1.5 என்று ஏற்றிக்கொண்டே போங்கள். நுழையும்போது லேசாக உரசி, விட்டால் விழாமல் நிற்கும் தண்டுதான் உங்கள் அளவு. அழுத்தித் திணிக்கக் கூடாது. திணித்தால் உள்ளே இருக்கும் சிறு ஸ்பிரிங் விட்டுக்கொடுத்து, பொய்யான எண்ணைத் தரும். பால் வெட்டிப் பழகியவர்களுக்கு இந்தக் கைப்பதம் புதிதல்ல. பட்டையில் 1 மி.மீ. அளவுக்கு விட்டு, உள் தோலைக் காயப்படுத்தாமல் உளியை நிறுத்துவது எப்படி என்று என் அம்மா சொல்லிக்கொடுத்ததுதான் எனக்கு இங்கே கைகொடுக்கிறது.

சர்க்ளிப்பின் அமைப்பால் தண்டு நுழையாத லிஃப்டர்களும் உண்டு. அவற்றுக்கு இரண்டாவது வழி: ராக்கர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு, புஷ்ராட்டை லிஃப்டரில் சும்மா நிற்க வையுங்கள், உள் ஸ்பிரிங் கிண்ணத்தைச் சர்க்ளிப் வரை தூக்கிப் பிடித்திருக்கும். புஷ்ராட்டில் ஒட்டு நாடாவைச் சுற்றி, ஹெட்டில் அது வெளிவரும் துளையின் விளிம்பு மட்டத்தில் பிளேடால் மெல்லிய கோடு இழுங்கள். ஷாஃப்ட்டை முழு டார்க்கில் இறுக்கிய பின் அதே விளிம்பில் இரண்டாவது கோடு. இரண்டு கோடுகளுக்கும் இடையே உள்ள தூரம் பிரிலோட். கண்ணை ஒரே உயரத்தில் வைக்காவிட்டால் கால் மில்லிமீட்டர் தவறு எளிதில் வரும் என்பதால், ஒவ்வொன்றையும் இரண்டு முறை செய்து பாருங்கள்.

எண்ணைப் படித்தல்

போன மழைக்காலத்தில் ஒரு டிஸ்கவரி வண்டிக்கு எனக்குக் கிடைத்த அளவுகளைச் சொன்னால் இந்தப் பகுதி தெளிவாகும். வலப்பக்கத்து எட்டு வால்வுகளும் 1.3-க்கும் 1.45-க்கும் இடையே இருந்தன. இடப்பக்கத்தில் ஏழு வால்வுகள் 1.9-க்கும் 2.1-க்கும் இடையே; ஐந்தாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் மட்டும் 2.6. என்னுடன் வேலை பழகும் தம்பி, “எல்லாத்துக்கும் நடுவுல சராசரி பாத்து ஒரே ஷிம் போட்டுடலாமா அண்ணே?” என்று கேட்டான். ஷிம் என்பது உயரத்தைச் சரிக்கட்ட அடியில் வைக்கும் மெல்லிய தகடு. சராசரி இங்கே எதற்கும் உதவாது. ஒரு பக்கம் முழுவதும் ஒரே அளவு தள்ளி நின்றால், காரணம் அந்தப் பக்கத்துக்கே பொதுவான ஒன்று: ஹெட் அல்லது கேஸ்கெட். அந்த இடப்பக்க ஹெட் ஒரு முறை சூடேறி வளைந்து, இரண்டு முறை ஸ்கிம் செய்யப்பட்டிருந்தது. ஒரே ஒரு வால்வு தனியாகத் தள்ளி நின்றால், காரணம் அந்த வால்வில்தான் இருக்கிறது.

ஐந்தாவது எக்ஸாஸ்ட்டின் பிரிலோட் அண்டை வால்வுகளைவிடச் சுமார் அரை மில்லிமீட்டர் கூடுதல், 1.6-ஆல் பெருக்கினால், அதன் தண்டு 0.8 மி.மீ. எழும்பியிருக்கிறது. ராக்கர்களைக் கழற்றி, தண்டுகளின் தலைமேல் ஒரு நேர்ச்சட்டத்தை வைத்துப் பார்த்தபோது, சட்டம் அந்த ஒரு தண்டின் மேல் மட்டும் உட்கார்ந்து ஊஞ்சலாடியது. சீட் வெட்டக் கொடுத்த லேத் பட்டறையில் அந்த ஒரு சீட்டை அளவுக்கு மீறி ஆழமாக வெட்டிவிட்டு, எதுவும் சொல்லாமல் ஹெட்டைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். தண்டின் தலையை அரைத்துக் குறைக்கலாமே என்று தோன்றும்; ஆனால் தண்டின் முனையில் கடினமாக்கப்பட்ட பகுதி மெல்லியது, 0.8 மி.மீ. அரைத்தால் அது போய்விடும். ஹெட்டை மறுபடி இறக்கி, புதிய சீட் வளையம் போட வைத்தேன். இரண்டு நாள் வேலை வீணானது எரிச்சல்தான் என்றாலும், அளக்காமல் மூடியிருந்தால் அந்த எக்ஸாஸ்ட் வால்வு கருகியிருக்கும்.

ஷிம் கணக்கு

பெடஸ்டலின் அடியில் ஷிம் தகடு வைத்து ஷாஃப்ட்டை உயர்த்தினால் பிரிலோட் குறையும். ஆனால் 1 மி.மீ. குறைக்க 1 மி.மீ. ஷிம் என்று எண்ணிவிடாதீர்கள். பலர் இங்கே தவறுகிறார்கள். ராக்கரின் வால்வு முனை, மூடிய வால்வின் மேல் அப்படியே நிற்கிறது. நடு அச்சு உயரும்போது புஷ்ராட் முனை அதைவிட அதிகம் உயர்கிறது. விகிதம் 1.6 என்றால், புஷ்ராட் முனையின் உயர்வு ஷிம்மின் தடிமனைப் போல 1.625 மடங்கு, அதாவது ஒன்றோடு 1.6-இல் ஒரு பங்கைக் கூட்டியது. ஆகவே குறைக்க வேண்டிய அளவை 1.625-ஆல் வகுத்தால் ஷிம்மின் தடிமன் வரும்.

அந்த டிஸ்கவரியின் இடப்பக்கத்தில் 0.95 குறைக்க நினைத்தேன்; வகுத்தால் 0.58. நான்கு பெடஸ்டல்களுக்கும் 0.6 மி.மீ. ஷிம் வைத்ததில் பிரிலோட் 0.92 முதல் 1.12 வரை வந்தது. வலப்பக்கம் எல்லைக்குள்தான் இருந்தது, ஆனால் மேல் எல்லைக்கு மிக அருகில். வால்வு சீட் தேயத் தேயத் தண்டு மேலே எழும்பி, பிரிலோட் காலப்போக்கில் கூடத்தான் செய்யும் என்பதால், அங்கும் 0.25 மி.மீ. ஷிம் வைத்தேன். ஒரே ஷாஃப்ட்டின் நான்கு பெடஸ்டல்களுக்கும் ஒரே தடிமன் வைக்க வேண்டும். ஒன்றுக்கு மட்டும் கூட்டினால் ஷாஃப்ட் வளையும். ராக்கருக்குப் போகும் எண்ணெய் பெடஸ்டல் வழியாகத்தான் ஏறுகிறது; ஷிம்மின் துளை அந்த எண்ணெய் வழியை மறைக்கவில்லை என்பதைக் கண்ணால் பார்த்த பிறகே இறுக்குங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஷிம் தேவைப்பட்டால், ஷிம்மை அடுக்குவதைவிட வேறு நீளமுள்ள புஷ்ராட் போடுவதே என் வழக்கம். அப்போது ராக்கர் முனை வால்வுத் தண்டின் தலையில் படும் இடம் மாறாது. பிரிலோட் போதாமல் போனாலும் நீளமான புஷ்ராட்தான் வழி.

நட்டைத் திருகிச் சரி செய்யும் செவ்ரலே போன்ற அமெரிக்க எஞ்சின் யாரிடமாவது இருந்தால், அவர்களுக்குச் சுருக்கமாக: எக்ஸாஸ்ட் வால்வு திறக்கத் தொடங்கும்போது அதே சிலிண்டரின் இன்டேக்கையும், இன்டேக் மூடி முடியப்போகும்போது எக்ஸாஸ்ட்டையும் சரி செய்யுங்கள். புஷ்ராட்டை விரலால் சுழற்றிப் பார்த்து முடிவு செய்யாமல், மேலும் கீழும் அசைத்து ஆட்டம் நிற்கும் இடத்தைப் பிடியுங்கள். அங்குலத்துக்கு 24 புரி உள்ள நட்டு ஒரு சுற்றில் 1.06 மி.மீ. இறங்கும், ஆனால் மேலே சொன்ன அதே நெம்புகோல் கணக்குப்படி, 1.5 விகித ராக்கரில் பிளஞ்சர் 1.76 மி.மீ. இறங்குகிறது. அரைச் சுற்றே போதுமானது.

மூடுவதற்கு முன்

ஷிம் வைத்த பின் பதினாறையும் மறுபடி அளங்கள்; கணக்குச் சரி என்பது அளவு சரி என்று ஆகாது. பிறகு லிஃப்டர்களை வெளியே எடுத்து, சுத்தமான எஞ்சின் எண்ணெயில் மூழ்கவைத்து, அதே துளைகளில் இறக்குங்கள். புதிய கேம்ஷாஃப்ட் என்றால் இன்னொரு கவனம் தேவை: அளப்பதற்காக எஞ்சினைப் பல முறை சுற்றியதில் கேமின் மேல் பூசிய மசகுப் பசை வழித்துப் போயிருக்கும், அதை மீண்டும் பூச மறவாதீர்கள். முதல் முறை கிளப்பியதும் ஐடிலில் விடாமல், 2000-க்கும் 2500-க்கும் இடைப்பட்ட சுற்றில் 20 நிமிடம் ஓடவிடுங்கள். லிஃப்டர்களுக்குள் காற்று இருப்பதால் முதல் சில நிமிடம் தட்டும் சத்தம் வரும். அதைக் கேட்டுப் பயந்து எஞ்சினை நிறுத்த வேண்டியதில்லை. எண்ணெய் அழுத்த விளக்கு அணையவில்லை என்றால் மட்டும் உடனே நிறுத்துங்கள்.

சூடாகி அரை மணி நேரத்துக்குப் பிறகும் ஒரு வால்வு மட்டும் தட்டினால், எழுதி வைத்த தாளை எடுத்து, எந்த லிஃப்டரின் பயண தூரம் குறைந்திருந்தது என்று முதலில் பாருங்கள். அந்த டிஸ்கவரிக்குரிய தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் இட்டு, ஷிம்களின் தடிமனையும் சேர்த்து எழுதி, வண்டிக்காரரின் கையேட்டுக்குள் வைத்திருக்கிறேன். அடுத்த முறை ஹெட்டைக் கழற்றுவது நானாக இல்லாமலும் இருக்கலாம்.